பத்து நிமிஷத்தில் பொறுமை போச்சா? ‘பொய்’ சுற்றப் பழகுபவர்களுக்கு மாவளி சொல்லும் பாடம்

சனிக்கிழமை சாயந்திரம். கனகம்மாசத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. கையில் இரண்டு நீளமான பழைய சாக்ஸ், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டென்னிஸ் பந்து. யூடியூபில் 40 விநாடியில் ஒருவர் அலட்டாமல் செய்துகாட்டிய அசைவை, நான் முக்கால் மணி நேரமாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்து கழுத்தைச் சுற்றியது. இன்னொன்று காதோரம் ‘பொத்’ என்று விழுந்தது. சாக்ஸைத் தூக்கி மூலையில் வீசிவிட்டேன்.

துணி எடுக்க வந்த ஆயா கேட்டாங்க: “இன்னாடா பண்றே?”

“பொய் சுத்துறேன் ஆயா.”

“அதைத்தான் போன்ல தெனமும் சுத்துறியே. அதுக்கு சாக்ஸு வேறயா?”

சிரித்து முடித்த பிறகு ஆயா ஒன்று சொன்னாங்க. “மாவளி சுத்தக் கத்துக்க உனக்கு எத்தினி நாளு ஆச்சு தெரியுமா? ஒரே நாள்ல வந்துட்ச்சா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. புதிதாக ஒரு கை வித்தையைப் பழகும்போது பொறுமையும் கவனமும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகின்றன? அவற்றைப் பிடித்து வைக்க வழி உண்டா? பொய் சுற்றுபவர்களுக்கு மட்டுமல்ல, கிட்டார், சிலம்பம், நீச்சல் என்று ஆசையாக ஆரம்பித்து இரண்டாவது வாரத்தில் நிறுத்திய எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில், ‘பொய்’ என்றால் என்ன?

இது நம் தமிழ்ப் ‘பொய்’ இல்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் ‘பொய்’ என்றால் கயிற்றின் நுனியில் கட்டிய பந்து. அந்தப் பந்தைச் சுழற்றி ஆடும் ஆட்டத்துக்கும் அதே பெயர். பழைய காலத்தில் நீர்நிலை ஓரம் வளரும் ஒருவகைக் கோரையிலும் ஆளிபோன்ற நார்ச்செடியிலும் பந்தைச் செய்தார்கள். பெண்கள் கூட்டமாக நின்று, பாட்டின் தாளத்துக்கு ஏற்பப் பந்தைக் கையிலும் தோளிலும் தட்டி ஆடுவது இன்றும் மாவோரி மேடைகளின் முக்கிய அங்கம்.

1982-ல் நியூசிலாந்தின் பாட்டேயா என்ற சிற்றூரில் இறைச்சித் தொழிற்சாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1984-ல், அந்த ஊர் மாவோரி மன்றம் வெளியிட்ட ‘பொய் இ’ என்ற பாட்டு அந்த நாட்டின் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு ஊர் தலை நிமிர்வதற்கு இந்தப் பந்தும் ஒரு கை கொடுத்தது.

இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் சுற்றப்படும் பொய் இதன் கிளை. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பந்து. சிலர் விளக்கு எரியும் பந்துகளைச் சுற்றுவார்கள், சிலர் நெருப்பையே சுற்றுவார்கள்.

நம்ம ஊர் பொய்: மாவளி

இதைப் படிக்கும் வட மாவட்டக்காரர்கள் பலருக்கு இந்நேரம் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். கார்த்திகை தீபத்தன்று சுற்றும் மாவளி. ‘கார்த்தி சுத்துறது’ என்றும் சொல்வோம்.

செய்முறை எளிது, ஆனால் அவசரத்துக்கு ஆகாது. ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைச் சேகரிக்க வேண்டும். குழி தோண்டி, அதில் போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணால் மூடிவிட வேண்டும். காற்று புகாமல் வெந்தால் கரி. காற்று புகுந்தால் வெறும் சாம்பல். ஆறிய கரியை இடித்துப் பொடியாக்கி, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பனை மட்டையைப் பிளந்து, நடுவில் இந்தப் பொட்டலத்தைச் செருகி, கயிறு கட்டினால் மாவளி தயார். நுனியில் நெருப்புத் துண்டை வைத்துச் சுற்ற ஆரம்பித்தால், காற்றுப் பட்டுக் கரி கனன்று, பொறி வட்டமாகப் பறக்கும். இருட்டில் தங்கப் பூ கொட்டுவது போல இருக்கும்.

ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவாகச் சுற்றினால் பொறி வராது. விட்டுவிட்டுச் சுற்றினால் பொறி ஒரு பக்கமாகச் சிதறும், மேலேயும் விழும். சீரான வேகத்தில், ஒரே தளத்தில் சுற்றினால்தான் வட்டம் முழுசாகத் தெரியும். பொய் பழகுகிறவர்களுக்கு ஆசிரியர்கள் முதலில் சொல்வதும் இதையேதான்: வேகம் சீராக இருக்கட்டும், தளம் கலையாமல் இருக்கட்டும்.

எங்கள் தாத்தா முதல் வாரம் நெருப்பே தரவில்லை. கரி இல்லாத வெறும் மட்டையைக் கயிற்றில் கட்டிக் கொடுத்து, “இத்த சுத்து” என்றார். பக்கத்து வீட்டுப் பையன்கள் பொறி பறக்கச் சுற்றும்போது நான் வெறும் மட்டையைச் சுற்றினேன். எவ்வளவு அவமானம்! அது எவ்வளவு சரியான பாடம் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது?

பொய் பழகும்போது வரும் எரிச்சலுக்கு உங்கள் குணம் மட்டும் காரணம் இல்லை. இயற்பியலும் உடலும் சேர்ந்து செய்யும் சதி அது.

முதல் சதி: மெதுவாகச் செய்ய முடியாது. தட்டச்சையோ கீபோர்டையோ பழகினால் எவ்வளவு நிதானமாகவும் ஆரம்பிக்கலாம். பந்தைச் சுற்றும்போது அது நடக்காது. வட்டத்தின் உச்சியில் பந்துக்குப் போதிய வேகம் இல்லையென்றால் கயிறு தொய்ந்து, பந்து தலையில் விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 60 செ.மீ. நீளக் கயிற்றில் சீரான வேகத்தில் சுற்றும் பந்து ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்குள் ஒரு சுற்றை முடித்தாக வேண்டும். அதைவிட மெதுவானால் கயிறு தொய்யும். 40 செ.மீ. என்றால் அவகாசம் இன்னும் குறைவு, சுமார் 1.3 விநாடி.

ஓட்டுநர் உரிமத்துக்காக பைக்கில் ‘எட்டு’ போட்டவர்களுக்கு இது தெரியும். பயந்து ரொம்ப மெதுவாகப் போனால்தான் வண்டி சாயும், கால் தரையில் படும்.

இதிலிருந்து ஒரு நேரடிப் பலன் உண்டு. ஆரம்பத்தில் கயிறு கொஞ்சம் நீளமாக இருப்பது நல்லது. பிடியைக் கையில் வைத்துக் கையை நீட்டினால் பந்து அக்குள் வரை வருவது பொதுவான அளவு. அதைவிடக் குட்டையாக வைத்தால் எல்லாம் படபடவென நடக்கும், யோசிக்க நேரமே இருக்காது.

இரண்டாவது சதி: கைகள் ஒன்றையொன்று இழுக்கும். இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு ஆட்காட்டி விரல்களையும் நீட்டி, கார் வைப்பர் போல இரண்டையும் ஒரே பக்கமாக, இடம் வலம் என ஆட்டுங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் உங்களைக் கேட்காமலேயே விரல்கள் இரண்டும் ஒன்றாக உள்ளே வந்து ஒன்றாக வெளியே போக ஆரம்பித்துவிடும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல.

1980-களின் தொடக்கத்தில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். வேகம் கூடக்கூட, மூளை தனக்குச் சுலபமான ஒத்திசைவுக்குத் தாவுகிறது. பொய்யில் ‘நெசவு’ என்று ஓர் அடிப்படை அசைவு இருக்கிறது. ஒவ்வொரு கையும் உடலுக்கு முன்னால் படுத்த எட்டு போட வேண்டும். ஒரு கையை இன்னொரு கை அரைச் சுற்று பின்னால் தொடர வேண்டும். பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பக்கம் தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த ‘அரைச் சுற்று பின்னால்’ என்பதைத்தான் மூளை வெறுக்கிறது. அது இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கிறது. சேர்ந்த கணத்தில் கயிறுகள் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

அதனால் பந்து மாட்டிக்கொண்டால் “எனக்கு வராது” என்று முடிவு கட்டாதீர்கள். எல்லா மனிதர்களுக்கும் இருக்கும் ஓர் இழுப்பை உங்கள் கைகள் மீற முயல்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது வாரச் சுவர்

முதல் மூன்று நாள் முன்னேற்றம் ஜோராக இருக்கும். அப்புறம் ஒரு நாள் வண்டி நின்றுவிடும். நேற்று வந்தது இன்று வராது. பெரும்பாலானவர்கள் விட்டுப்போவது இங்கேதான்.

இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1897-ல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர், தந்தி இயக்குநர்கள் தொழில் பழகுவதை வாரா வாரம் அளந்தார்கள். தந்தியைக் கேட்டு எழுதும் வேகம் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பல வாரம் அசையாமல் நின்றது. பிறகு மறுபடி ஏறியது. அவர்கள் கொடுத்த விளக்கம்: ஆரம்பத்தில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறோம், பிறகு சொல் சொல்லாக, கடைசியில் வாக்கியமாக. கீழ்ப்படி முழுக்கப் பழகி தானாக ஓடும் வரை மேல்படி திறப்பதில்லை. தேக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ‘நின்றுவிட்டது போலத் தெரிவது’ கற்றலின் முடிவு அல்ல என்பது உறுதி.

தணிகை மலைக்கு 365 படி ஏறியவர்களுக்குத் தெரியும். நடுவில் கால் கெஞ்சும் இடத்தில், மேலேயும் படிதான் தெரியும், கீழேயும் படிதான் தெரியும்.

அப்போ பொறுமைக்கு என்ன வழி?

“பொறுமையா இரு” என்று சொன்னால் யாருக்கும் பொறுமை வந்துவிடாது. பழகும் முறையை மாற்றினால் பொறுமைக்கான தேவையே குறையும். இதில் ஆய்வுகள் சொல்லும் நாலு விஷயம் நேரடியாகப் பயன்படும்.

ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். 1978-ல் பேட்லி, லாங்மேன் என்ற இருவர் வெளியிட்ட பிரபலமான ஆய்வு இது. பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு தினமும் ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. இன்னொரு குழு தினமும் நாலு மணி நேரம் பழகியது. மொத்த மணி நேரக் கணக்கில் பார்த்தால், ஒரு மணி நேரக் குழுதான் குறைந்த நேரத்தில் கற்றது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறை பற்றி மிகவும் சலித்துக்கொண்டதும் அதே குழுதான். நாள்கணக்கில் அது நீண்டதால் ‘மெதுவாகப் போகிறோம்’ என்று அவர்களுக்குத் தோன்றியது. சரியான முறை பல நேரம் மந்தமான முறை போலத்தான் தோன்றும். நம் பொறுமைக்கான உண்மையான சோதனை இதுதான்.

இரண்டு, இடையில் நிறுத்துங்கள். 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த குழு ஒன்று, விரல்களால் ஓர் எண் வரிசையை 10 விநாடி தட்டு, 10 விநாடி சும்மா இரு என்று பழக வைத்தது. ஆரம்பக் கட்ட முன்னேற்றம் பெரும்பாலும் தட்டும்போது வரவில்லை; சும்மா இருந்த அந்தக் குட்டி இடைவெளிகளில் வந்தது. பந்து மாட்டினால் உடனே பிய்த்து இழுத்து மறுபடி ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம். அதற்குப் பதிலாகக் கையைத் தொங்கவிட்டு, நாலு மூச்சு விட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மூன்று, தூங்குங்கள். 2002-ல் மேத்யூ வாக்கர் குழுவினர், விரல் வரிசை பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும், கூடுதல் பயிற்சி இல்லாமலேயே சுமார் 20 சதவீதம் வேகமானதைக் கண்டார்கள். அந்தப் பலன் எவ்வளவு பெரிது என்பதில் பிறகு விவாதங்கள் வந்தன. ஆனாலும் ராத்திரி 12 மணி வரை முட்டி மோதுவதைவிட, பத்து மணிக்குப் படுத்து மறுநாள் தொடர்வது புத்திசாலித்தனம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தூக்கம் கெட்ட நாளில் புது அசைவு வேண்டாம், தெரிந்ததையே சுற்றுங்கள்.

நான்கு, கலந்து பழகுங்கள். ஒரே அசைவை 50 தடவை செய்துவிட்டு அடுத்ததுக்குப் போவது திருப்தியாக இருக்கும். ஆனால் 1979-ல் ஷியா, மார்கன் இருவரும் செய்த சோதனையில், மூன்று விதமான கை அசைவுகளை மாற்றி மாற்றிக் கலந்து பழகியவர்கள், பயிற்சியின்போது தடுமாறினாலும், பின்னர் சோதித்தபோது மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஒரு எச்சரிக்கை: அசைவின் வடிவம் ஓரளவு கைக்கு வந்த பிறகுதான் இது. சுத்தமாகத் தெரியாத மூன்றைக் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கவனத்தை எங்கே வைப்பது?

எரிச்சல் ஏறும்போது நாம் எல்லோரும் ஒன்று செய்கிறோம். மணிக்கட்டையே முறைத்துப் பார்க்கிறோம். ‘இப்படித் திரும்பணும், இப்போ மடங்கணும்’ என்று கைக்கு உத்தரவு போடுகிறோம். அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும்.

கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1998-ல், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் பழகுபவர்களை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். சிலரிடம் “உங்கள் பாதத்தைக் கவனியுங்கள்” என்றார்கள். சிலரிடம் “பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரத்தைக் கவனியுங்கள்” என்றார்கள். வித்தியாசம் சில அங்குலம்தான். ஆனால் சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்பைக் கவனிப்பதைவிட, உடம்பு உண்டாக்கும் விளைவைக் கவனிப்பது மேல் என்று பிறகு வந்த பல ஆய்வுகளும் சொல்கின்றன.

பொய்யில் இதைச் செய்வது சுலபம். பக்கவாட்டில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து அந்தச் சுவரில் சாக்பீஸால் வட்டம் போடுகிறது. வட்டம் நெளியாமல் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மாவளியில் இந்த வேலையைப் பொறி செய்தது. வட்டம் கோணினால் கண் முன்னாடியே தெரியும், யாரும் திருத்த வேண்டியதில்லை.

போன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீடியோ பார்த்துப் பழகும்போது, போன் கையருகே இருந்தால் நோட்டிஃபிகேஷனும் அருகே இருக்கும். வீடியோவை முதலில் இரண்டு மூன்று தடவை பாருங்கள். பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டுச் சுவரோரம் நிறுத்தி, உங்களையே படம் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், ‘பந்து பின்னால் அடிக்கிறது’ என்று நீங்கள் நினைத்தது உண்மையில் தோள் திரும்பாததால் என்று தெரியும்.

20 நிமிடம் போதும்: ஒரு மாலைக் கணக்கு

சென்னைக்கு ரயிலில் போய் வந்து, வீடு சேர எட்டு மணி ஆகிறவர்களுக்கும் இது முடியும்.

முதல் 3 நிமிடம்: பந்து இல்லாமல் வெறும் கையால் அசைவைச் செய்யுங்கள். மெதுவாகச் செய்ய ஒரே வாய்ப்பு இதுதான். சிலம்ப ஆசான்களும் கம்பைக் கொடுக்கும் முன் காலடியைத்தான் பழக்குவார்கள்.

அடுத்த 5 நிமிடம்: ஏற்கெனவே வரும் அசைவுகள். இரண்டு கையிலும் முன்சுற்று, பின்சுற்று.

அடுத்த 8 நிமிடம்: புதியது. முதலில் வலது கை மட்டும் எட்டு போடட்டும், பிறகு இடது கை மட்டும். இடது கை சொதப்பும். அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். இரண்டையும் சேர்ப்பது கடைசி மூன்று நிமிடம்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் பத்து விநாடி நிறுத்தம்.

கடைசி 4 நிமிடம்: பாட்டுப் போட்டு, வருவதை மட்டும் சுற்றுங்கள். தோற்ற அசைவோடு மாடியிலிருந்து இறங்காதீர்கள். நன்றாக வந்த ஒன்றோடு இறங்கினால்தான் நாளைக்கு மேலே ஏறத் தோன்றும்.

ஒரு நோட்டில் தினமும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘மாட்டாமல் 4 சுற்று.’ அவ்வளவு போதும். வாரக் கடைசியில் அந்த எண்கள்தான் உங்களுக்குத் தைரியம் சொல்லும்.

கோபம் வருகிறதா? அதற்கு முன்னாலேயே உடம்பு சொல்லிவிடும். பிடி இறுகும், தோள் காது வரை ஏறும், மூச்சு நின்று நின்று வரும். பிடி இறுகினால் கயிறு முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் பந்து மாட்டும். மாட்டினால் கோபம் கூடும். இந்தச் சங்கிலியை அறுக்கச் சுலபமான இடம் பிடிதான். விரலைத் தளர்த்துங்கள், மற்றவை தானாக இறங்கும்.

இதனால் என்ன லாபம்?

மேடை ஏறப்போவதில்லை, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். 2004-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள், மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அசைவைக் கண்ணால் பின்தொடரும் பகுதிகளில் சாம்பல் நிறத் திசு கூடியிருந்தது. அடுத்த மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தியதும் அந்த வளர்ச்சி பெருமளவு குறைந்தது. பழகினால் மூளை மாறுகிறது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது.

பொய்யைப் பற்றியே தனி ஆய்வும் உண்டு. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கேட் ரீகல் வான் வெஸ்ட் என்பவர், முதியவர்களில் ஒரு குழுவுக்கு ஒரு மாதம் பொய்யும், இன்னொரு குழுவுக்கு தாய் சி என்ற சீனப் பயிற்சியும் கற்றுக்கொடுத்து ஒப்பிட்டார். உடல் சமநிலை உள்ளிட்ட சில அளவுகளில் இரண்டு குழுவும் முன்னேறின. ஆக, வீட்டில் அப்பா அம்மாவுக்கும் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து வைக்கலாம்.

நெருப்பு எப்போது?

இன்ஸ்டா ரீல்ஸில் எல்லோரையும் இழுப்பது தீப்பந்துகள்தான். அவசரப்பட்டால் மிகப் பெரிய விலை கொடுக்க வேண்டிய இடமும் இதுதான். சாக்ஸ் பந்து காதில் பட்டால் சிரிப்பு. தீப்பந்து பட்டால் ஆஸ்பத்திரி.

கண்ணை மூடிக்கொண்டும், பேசிக்கொண்டும், களைத்துப் போனபோதும் ஓர் அசைவு மாட்டாமல் வந்தால்தான் அது நெருப்புக்குத் தயார். அப்போதும் அனுபவம் உள்ளவர் ஒருவர் அருகில் நின்று சொல்லிக்கொடுக்காமல் தொடாதீர்கள். தனியாக ஒருபோதும் வேண்டாம். நனைத்த கனமான பருத்தித் துணியோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாலியஸ்டர் உடை கூடாது, அது உருகித் தோலில் ஒட்டும். பெட்ரோல் கூடவே கூடாது. தலைமுடியைக் கட்டி, ஈரத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

மாவளிக்கும் இதே கவனம் வேண்டும். வைக்கோல் போர், கூரை வீடு, தாழ்வான மின்கம்பி இல்லாத வெட்டவெளி, ஒரு வாளி தண்ணீர், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டடி தள்ளி ஒரு கோடு. தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு ஆற்ற வேண்டும். பற்பசை, மாவு, மை எதுவும் தடவாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் திருவாலங்காடு. அங்கே காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் நடராசரைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். ஆடல்வல்லானின் ஒரு கையில் நெருப்பு இருக்கும், முகத்தில் பதற்றம் இருக்காது. நமக்கு அந்தப் பதற்றமின்மை நெருப்பை எடுத்த பிறகு வராது. அதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

கார்த்திகைக்குள் வருமா?

ஆயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாவளி கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கார்த்திகை போதவில்லை. முதல் வருடம் வெறும் மட்டை. தீபத்தன்று தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு நாலு சுற்று. அடுத்த வருடம்தான் தனியாக.

இப்போது எங்கள் பக்கம் மாவளி சுற்றும் வீடுகள் குறைந்துவிட்டன. ஆண் பனை நுங்கு தராது என்பதால் முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான். ஆனால் மாவளிக்கு வேண்டிய பூ அதில்தான் இருக்கிறது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. மரம் பிழைத்தாலும், கரி சுடும் பக்குவத்தையும் சுற்றும் பக்குவத்தையும் யாராவது உட்கார்ந்து கற்றுக்கொண்டால்தான் மாவளி பிழைக்கும். அதற்கும் தேவை, பத்து நிமிடத்தில் தூக்கி வீசாத பொறுமைதான்.

மூலையில் வீசிய சாக்ஸை மறுநாள் எடுத்தேன். கயிற்றை ஒரு சாண் நீட்டினேன். இடது கைக்கு மட்டும் ஒரு வாரம் கொடுத்தேன். பதினேழாவது நாள் நோட்டில் எழுதியது இது: ‘மாட்டாமல் 11 சுற்று.’ பதினெட்டாவது நாள்: ‘3.’ பத்தொன்பதாவது நாளும் மாடிக்குப் போனேன்.

துணி எடுக்க வந்த ஆயா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாங்க. “பொய் நல்லாத்தான் சுத்துறே” என்றாங்க. “இந்தக் கார்த்திகைக்கு நம்ம கொல்லையில இருக்குற ஆம்பளப் பனையில பூ எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?”

சொல்லச் சொல்லியிருக்கிறேன்.